வானமும் பொதுச் சொத்தே!

2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் இரவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தாம்பரம் வட்டாரத்தில் வாழ்வோர் எவராலும் மறக்க இயலாத இரவு அது. மறுநாள் காலை எட்டரை மணியோடு முடிவுற்ற 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை! அடையாறு கரை கடந்தது. முடிச்சூர் மூழ்கிற்று. வரதராஜபுரம் தீவாயிற்று. மாடிப்படியில் ஏறிற்று வெள்ளம். மொட்டை மாடியில் ஏறிற்று குடும்பம். படகு வந்தது, பட்டாளம் வந்தது, என்ன கட்சி, என்ன சாதி என்று பாராமல் இளைஞர் கூட்டம் இடுப்பளவு நீரில் இறங்கி வந்தது. வராதது ஒன்றே ஒன்று. அதுதான் சேதி!

கையில் தொலைபேசி இருந்தது. அதில் பேச்சு இல்லை. பள்ளிக்கூடம் புகலிடமாயிற்று, அங்கே எத்தனை பேர் ஒதுங்கியிருக்கின்றனர், எத்தனை பொட்டலம் சோறு தேவை என்று எடுத்துச் சொல்ல வழியில்லை. அடுத்த ஊரிலிருந்த மகன், "அம்மா உயிரோடு இருக்கிறாளா?" என்று கேட்கத் துடித்தான், கேள்வி போய்ச் சேரவில்லை, பதிலும் வந்து சேரவில்லை. எட்டாண்டு கழிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. பள்ளிக்கரணையும் பெரும்பாக்கமும் நீரில் நின்றன. மீண்டும் அதே இருள். மீண்டும் அதே ஊமை நிலை!

"இயற்கையின் சீற்றம், நாம் என் செய்வது?" என்று கைவிரிப்போர் உண்டு. மழை இயற்கைதான், மறுக்கவில்லை. மழையிலே ஊர் ஊமையாவது, அதுவும் இயற்கையா?

இதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. பழைய மகாபலிபுரம் சாலையிலே வானளாவி நிற்கும் கண்ணாடி மாளிகைகளைப் பார்த்திருக்கிறீர்கள். அங்கே தொழில் நடத்தும் பெரிய நிறுவனங்கள் ஒரே வழியை நம்பி இருப்பதில்லை. மண்ணுக்கடியில் கண்ணாடி இழை வடம் ஒன்று. அது அறுந்தால் கைகொடுக்க, மாடியிலிருந்து மாடிக்கு அலைவழி ஒன்று. பணம் இருக்கிறது, இரு வழி வைத்துக் கொள்கிறார்கள். அதிலே நமக்குப் பொறாமை இல்லை.

ஆனால், சிறிது தூரம் தள்ளி வந்து நியாயவிலைக் கடை வாயிலைப் பாருங்கள். முதியவள் ஒருத்தி கைரேகை வைக்கிறாள். கருவி சுழல்கிறது, சுழல்கிறது, சுழன்றபடியே இருக்கிறது. "நெட் இல்லை பாட்டி, நாளைக்கு வா!" கூலி வேலையை ஒரு நாள் விட்டுவிட்டு வந்தவள், வெறும் பையோடு திரும்புகிறாள். ஆரம்பச் சுகாதார நிலையத்தில், பள்ளிக் கணினி அறையில், நூலகத்தில், எங்கேயும் இதே பல்லவிதான். சாலையில் எவரோ வடிகாலுக்குப் பள்ளம் தோண்டினர்; வடம் அறுந்தது; வாரம் ஒன்றாயிற்று! செல்வருக்கு இரு வழி. ஏழைக்கு இருக்கும் ஒரு வழியும் தடுமாறும் வழி. இந்த இரு வழிக்கும் ஒரு வழிக்கும் இடையே உள்ள தூரத்தைத்தான் இந்த ஞாயிறன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

* * *

கம்பியில்லா நிலை இணைப்பு என்பது என்ன? மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. உயரமான கட்டடம் ஒன்று. அதன் மாடியிலே சிறு கம்பம். கம்பத்திலே ஓரடி, ஈரடி அகலமுள்ள தட்டு. இரண்டு மைல், ஐந்து மைல் தள்ளி எதிரே இன்னொரு தட்டு. இரண்டும் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்க்கவேண்டும். நடுவே கட்டடம் குறுக்கிடலாகாது, மரம் மறைக்கலாகாது. அந்த நேர்கோட்டைச் சுற்றிலும் கொஞ்சம் திறந்த இடமும் வேண்டும். இல்லையேல் வலிமை குன்றும்.

கைப்பேசிக் கோபுரம் தெருவிளக்குப் போன்றது; நாற்புறமும் ஒளியைச் சிந்தும்; அந்த ஒளியில் ஆயிரம் பேர் நெருக்கியடித்து நிற்பார்கள். நான் சொல்லும் இணைப்போ டார்ச் விளக்குப் போன்றது. ஒளி முழுவதையும் ஒரே திசையில் குவிக்கும். ஆகவேதான் சிறிய கருவி, குறைந்த மின்சாரம், ஆயினும் நெடுந்தொலைவு. சாலையைத் தோண்ட வேண்டியதில்லை. பள்ளத்தை மூட வேண்டியதில்லை. இடமும் கம்பமும் ஆயத்தமாக இருந்தால், காலையில் தொடங்கி மாலையில் முடித்துவிடக்கூடிய வேலை.

"ஏட்டுச் சுரைக்காய்!" என்பார் சிலர். தமிழ்நாட்டிலேயே கறி சமைத்துக் காட்டியாயிற்று, தோழர்களே!

தேனிக்குச் செல்வோம். அரவிந்த் கண் மருத்துவமனை அங்கே என்ன செய்தது? கண்ணிலே புரை விழுந்த உழவன், ஒரு நாள் கூலியை இழந்து, பஸ் கட்டணம் கொடுத்து நகரத்துக்கு வருவதற்குப் பதிலாக, அவனுக்கு அருகிலேயே சிறு கண் மையம் அமைத்தது. அந்த மையத்தையும் தேனி மருத்துவமனையையும் மாடிக்கு மாடி அலைவழியால் இணைத்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த எரிக் புரூவரின் ஆய்வுக் குழு துணை நின்றது. 2006ஆம் ஆண்டில் 5 மையங்கள் இவ்விதம் இணைந்திருந்தன. உழவன் சிற்றூரில் அமர்ந்திருப்பான். மருத்துவர் தேனியில் அமர்ந்திருப்பார். இருவரும் முகம் பார்த்துப் பேசுவர்.

அவர்கள் எடுத்துக்கொண்ட கருவி விலை உயர்ந்ததா? இல்லை. வீட்டு அறைக்குள் பயன்படுத்தும் சாதாரண வைஃபை முறையைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அதிலே ஒரு சிக்கல். அறைக்குள் ஒரு செய்தி போனால், "கிடைத்தது" என்ற மறுமொழி நொடிப்பொழுதினும் குறைந்த நேரத்தில் வந்துவிடும். பல மைல் கடக்கும்போது மறுமொழி பிந்தும். கருவி, "போய்ச் சேரவில்லை போலும்" என்று எண்ணி மறுபடி மறுபடி அனுப்பும். ஒரே கூச்சல், ஒரே குழப்பம். ஆய்வாளர்கள் என்ன செய்தனர்? "இப்போது நீ பேசு, நான் கேட்கிறேன், அடுத்து நான் பேசுகிறேன், நீ கேள்" என்று கருவிகளுக்கு முறைவைத்துப் பேசக் கற்றுக் கொடுத்தனர். கூச்சல் அடங்கியது, செய்தி சென்றது. நம் சட்டமன்றங்களுக்கும் நாடாளுமன்றத்துக்கும் கூட இந்தக் கல்வி தேவைதான்!

இன்னொரு பாடமும் அங்கே கிடைத்தது. இணைப்பைக் கெடுத்த பெரிய எதிரி வானத்தில் இல்லை. சுவரிலே, மின்செருகியிலே இருந்தது! திடீரென ஏறி, திடீரென இறங்கி, அடிக்கடி நின்றுபோகும் மின்சாரம் கருவிகளைச் சுட்டது. ஆகவே, மின்சாரத்தைச் சீராக்கும் ஏற்பாடு, பேட்டரி, உள்ளூர் ஊழியருக்குப் பயிற்சி, இவையெல்லாம் வந்த பிறகே இணைப்பு நிலைத்தது. அந்த மருத்துவமனை நடத்தும் கண் மையங்கள் இன்று நூறைத் தாண்டிவிட்டன.

தோற்ற கதையும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. தொலைதூரச் சிற்றூர்க்குத் தொலைபேசியும் இணையமும் கம்பியின்றிச் சென்றாகவேண்டும் என்று 1990களிலேயே எண்ணி, சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவருடைய குழுவினரும் 'கார்டெக்ட்' என்னும் முறையை உருவாக்கினர். மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் 2001 முதல் அந்த முறையில் சிற்றூர் இணைய மையங்கள் திறக்கப்பட்டன. நல்ல நோக்கம், நம்மவர் அறிவு, நம்மண்ணின் கண்டுபிடிப்பு. ஆயினும் அந்த மையங்களில் பல சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டன. ஏன்? தொழில்நுட்பம் மட்டும் காரணம் அன்று. மையத்தை நடத்திய சிற்றூர் இளைஞன் தன் வருவாயை அதிலிருந்தே தேடவேண்டியிருந்தது. வருவாய் போதவில்லை. முதலில் துணை நின்ற அரசு அலுவலரின் ஆதரவும் தொடர்ந்து கிடைக்கவில்லை.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தேனியில் இணைப்பு ஒரு நிறுவனத்தின் அன்றாடப் பணியோடு பிணைந்திருந்தது, நிலைத்தது. மேலூரில் அது தனி ஒருவனின் பிழைப்போடு பிணைந்திருந்தது, நலிந்தது. பொதுப் பணிக்கான கருவியைப் பொதுப் பொறுப்பிலே வைத்தால் வாழும். இலாபக் கணக்கிலே மட்டும் வைத்தால் சாகும்.

* * *

"மாநகராட்சிக்கு எதற்கய்யா வானலை வேலை? சாக்கடை அள்ளுவதோடு நிறுத்திக் கொள்ளட்டும்" என்று ஏளனம் பேசுவோர்க்குச் சென்னையின் சரித்திரம் விடை சொல்லும்.

1924ஆம் ஆண்டு, சி. வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் சென்னை மாகாண ரேடியோ கிளப் தோன்றியது. மூன்றாண்டு நடந்தது, பணமின்றி 1927இல் நின்றது. அந்த ஒலிபரப்புக் கருவி துருப்பிடித்துப் போயிற்றா? இல்லை! சென்னை மாநகராட்சி அதை ஏற்றது. 1930 ஏப்ரல் முதல், 1938 ஜூனில் அகில இந்திய வானொலி நிலையம் சென்னைக்கு வரும்வரை, மாநகராட்சியே வானொலி நடத்திற்று. வீட்டில் ரேடியோப் பெட்டி வாங்க வசதியற்ற மக்கள் பூங்காவிலும் கடற்கரையிலும் ஒலிபெருக்கி வழியே கேட்டனர். மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் நிகழ்ச்சிகள் வந்தன. வெள்ளையன் ஆண்ட நாளிலே, ஓர் உள்ளாட்சி மன்றம் வானலையைப் பொதுமக்களின் செவிக்குக் கொண்டு சேர்த்தது. நம்மை நாமே ஆளும் நாளிலே அது முடியாதா?

1948ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. புத்தகம் வாங்கப் பணமில்லாதவன் படிக்காமல் இருக்கலாகாது என்பது அதன் கருத்து. சொத்து வரியோடு நூலக வரி சேர்ந்தது. ஊர்தோறும் படிப்பகம் எழுந்தது. தெருக்குழாய், தெருவிளக்கு, நூலகம் என்று ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் "இதெல்லாம் அரசு வேலையா?" என்ற கேள்வியைத் தாண்டி வந்தவைதாம். இன்று அந்த வரிசையில் நான்காவதாக வந்து நிற்கிறது இணைப்பு.

தாம்பரத்தின் வளர்ச்சியே பொது ஏற்பாட்டின் வளர்ச்சிதானே! நல்ல காற்று வீசும் இடம் என்று 1928இல் காசநோய் மருத்துவமனை வந்தது. 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம்வரை மின்சார ரயில் ஓடியது. 1937இல் சென்னைக் கிறித்துவக் கல்லூரி நகரைவிட்டு இங்கே வந்தது. தண்டவாளம் முதலில் வந்தது. பின்னால் மக்கள் வந்தனர். "மக்கள் வரட்டும், பிறகு தண்டவாளம் போடலாம்" என்று அன்று இலாபக் கணக்கு மட்டும் பார்த்திருந்தால், இன்றைய புறநகர் ஏது?

* * *

இனி வருவது உரிமைப் பிரச்சினை. கம்பம் நம் மாடியில் நடுகிறோம். தட்டு நம் பணத்தில் வாங்குகிறோம். நடுவே உள்ள வானம் யாருடையது?

1995ஆம் ஆண்டு பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிற்று: வானலைகள் பொதுச் சொத்து, பொது நலனுக்காகவே பயன்பட வேண்டும் என்று. தீர்ப்பு தேன், நடப்பு என்ன? அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணை, ஒன்றியப் பட்டியல், 31ஆம் இனம்: அஞ்சல், தந்தி, தொலைபேசி, கம்பியில்லாத் தொடர்பு, ஒலிபரப்பு, அத்தனையும் டில்லிக்கே! மண் நமது, மலை நமது, மாடி நமது, மாடிக்கும் மாடிக்கும் இடையே உள்ள வெளி மட்டும் டில்லியினுடையது. மாநில சுயாட்சி பேசும்போது நிதியைச் சொல்கிறோம், மொழியைச் சொல்கிறோம், கல்வியைச் சொல்கிறோம். தலைக்கு மேலே உள்ள அலைவரிசையையும் சேர்த்துச் சொல்லும் காலம் வந்துவிட்டது.

கதவு முழுவதும் மூடியிருக்கிறது என்று சொல்லமாட்டேன். ஒரு சன்னல் திறந்திருக்கிறது. 2005ஆம் ஆண்டில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையும், 2018இல் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பெரும்பகுதியும், குறிப்பிட்ட வலிமைக்குள், உரிமம் இன்றிப் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டன. பள்ளி மாடியையும் மாநகராட்சி மாடியையும் பிணைக்க இது போதும். ஆனால் எல்லோருக்கும் திறந்த சந்தை அது. அங்கே எவருக்கும் தனியிடம் இல்லை. பிறர் இரைச்சல் குறுக்கிட்டால் முறையிடவும் இடமில்லை. சாதாரண நாளுக்கு அது போதும். வெள்ள நாளுக்கு? புயல் நாளுக்கு? அந்த நாளுக்கென்று ஒரு சிறு அலைவரிசையைப் பொது நிலையங்களுக்காக ஒதுக்கித் தந்தால் டில்லியின் கருவூலம் வற்றிவிடுமா?

பணத்தைப் பற்றியும் கேட்போம். தொலைத்தொடர்பு நிறுவனங்களின் கணக்கிட்ட வருவாயில் 5 விழுக்காடு, எல்லோர்க்கும் தொடர்பு கிடைக்கச் செய்வதற்கென்றே டில்லியில் வந்து சேர்கிறது. கைப்பேசிக்கு நாம் கட்டும் காசிலிருந்து போவதுதான் அது. அந்த நிதிக்கு இப்போது 'டிஜிட்டல் பாரத் நிதி' என்று பெயர். 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம், அந்த நிதி சிற்றூர்க்கும் தொலைவான ஊர்க்கும் மட்டும் அல்ல, சேவை குறைந்த நகர்ப்புறத்துக்கும் உரியது என்று எழுதி வைத்திருக்கிறது. எழுத்து இருக்கிறது, எங்கள் பங்கு எங்கே? தாம்பரத்துக் குடிசைப் பகுதிப் பள்ளி 'நகர்ப்புறம்' இல்லையா? அங்கே சேவை நிறைந்து வழிகிறதா?

தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைக்கும் பணியை மேற்கொண்டது தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம். வரவேற்போம். இழை பெரியது, இழை விரைவானது, அதிலே கொள்ளும் அளவுக்கு அலைவழியில் கொள்ளாது. இழை வேண்டாம் என்று நாம் சொல்லவே இல்லை. இழை பெருஞ்சாலை, அலைவழி அதிலிருந்து பிரியும் தெரு, பெருஞ்சாலை அடைபட்டால் மாற்றுவழி. வெள்ளத்தில் நிலத்தடி வடம் கெடலாம். புயலில் மாடிக் கம்பம் சாயலாம். இரண்டும் ஒரே நாளில் வீழ்வது அரிது. இரு கால் உள்ளவன் ஒரு கால் இடறினாலும் நிற்பான் அல்லவா?

இதை மக்களே செய்த நாடும் உண்டு. ஸ்பெயின் நாட்டின் ஒரு பகுதியாகிய கட்டலோனியாவில், தங்கள் மொழிக்கும் உரிமைக்கும் நெடுங்காலம் போராடிவரும் மக்கள், 2004இல் மாடிக்கு மாடி அலைவழி கட்டத் தொடங்கினர். பெரிய நிறுவனங்கள் எட்டிப் பாராத ஊர்ப்புறம் அது. 'குய்ஃபி' எனப்படும் அந்த வலையில் 30,000க்கு மேற்பட்ட இணைப்பு முனைகள் சேர்ந்தன. ஊர் மன்றங்களும் சேர்ந்தன. பின்னர் அவர்களே இழையும் போட்டனர். நம்மிடம் மாடி இல்லையா? இளைஞர் இல்லையா?

* * *

நம் தென்புறநகரின் அமைப்பைப் பாருங்கள். பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம் குன்றுகள், திருநீர்மலை, வண்டலூர்க் குன்று என்று வரிசையாக நிற்கின்றன உயரங்கள். அவற்றுக்கிடையே ஏரிகள், ஏரியின் மேலே தடையற்ற வெளி. இயற்கை நமக்குத் தந்த வாய்ப்பு இது. மலை உதவும்; சில இடங்களில் மறைக்கவும் செய்யும். மீனம்பாக்கம் விமான நிலையமும் தாம்பரம் விமானப்படைத் தளமும் இருப்பதால் உயரக் கோபுரம் கட்டக் கட்டுப்பாடு உண்டு; முறையாக அனுமதி பெற்றாக வேண்டும். ஆனால் நமக்கு வானளாவும் கோபுரமா வேண்டும்? நாலு மாடிக் கட்டடத்தின் மேல் ஆள் உயரக் கம்பம். பல இடங்களில் அதுவே போதும்.

2021இல் பிறந்தது தாம்பரம் மாநகராட்சி. ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாயின; 70 வார்டுகள், 5 மண்டலங்கள். பெயர்ப் பலகையிலே ஒன்றாயின. இணைப்பிலே ஒன்றாக வேண்டாமா? ஐந்து மண்டல அலுவலகங்களும் ஐந்து நடுநிலையங்கள் ஆகட்டும். ஒவ்வொன்றிலிருந்தும் அந்த மண்டலத்துப் பள்ளி, சுகாதார நிலையம், நூலகம், நியாயவிலைக் கடை, வெள்ளக்காலப் புகலிடம் ஆகியவற்றுக்கு அலைவழி செல்லட்டும். ஒவ்வொரு நிலையத்திலும் பேட்டரியும் சூரிய ஒளித் தகடும் இருக்கட்டும். தேனி கற்றுத் தந்த பாடம் அது. பழுது பார்க்கத் தொலைதூர நிறுவனத்தின் ஆளுக்காகக் காத்திராமல், நம் தொழிற்பயிற்சி நிலையங்களில் படித்த பிள்ளைகளுக்குப் பயிற்சியும் வேலையும் கிடைக்கட்டும். ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தில் அதற்கென்று ஒரு வரி இடம்பெறட்டும். மேலூர் கற்றுத் தந்த பாடம் அது.

கழகத் தோழர்களே! மேடையில் முழங்குவது எளிது, கணக்கெடுப்பது கடினம். கடினமானதைத்தான் உங்களிடம் கேட்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கிளைக்கு இருவராகக் கையில் நோட்டுப் புத்தகத்தோடு புறப்படுங்கள். உங்கள் வார்டில் உள்ள பொது நிலையங்கள் எவை? எதிலே இணைப்பு உண்டு? சென்ற மாதத்தில் எத்தனை நாள் நின்றது? மின்சாரம் நின்றால் எவ்வளவு நேரம் தாங்கும்? எழுதுங்கள். பிறகு, உரியவரிடம் அனுமதி பெற்று, பள்ளியின் மொட்டை மாடியில் ஏறி நின்று பாருங்கள். அங்கிருந்து எந்த மாடி தெரிகிறது? எந்தக் குன்று தெரிகிறது? எந்த மரம் மறைக்கிறது? அதையும் எழுதுங்கள். அந்த நோட்டுப் புத்தகத்தை மாமன்ற உறுப்பினரிடம் கொடுங்கள். அவர் நம் கட்சியினரா என்று பாராதீர்கள், வெள்ளம் பார்த்ததா? அவர் மன்றத்தில் பேசட்டும். சட்டமன்ற உறுப்பினர் கோட்டையில் பேசட்டும். நாடாளுமன்ற உறுப்பினர் டில்லியில் அந்த 5 விழுக்காட்டுக்குக் கணக்குக் கேட்கட்டும்.

மீண்டும் ஒரு டிசம்பர் வரும். மீண்டும் மழை வரும். அந்த இரவிலே, மின்சாரம் நின்று தெருவெல்லாம் இருண்ட நேரத்திலே, பள்ளிக்கூட மாடியில் சின்னஞ்சிறு பச்சை விளக்கு ஒன்று எரிந்து கொண்டிருக்க வேண்டும். அதன் கீழே அமர்ந்திருக்கும் ஆசிரியை, "இங்கே 200 பேர் இருக்கிறோம், குழந்தைகளுக்குப் பால் வேண்டும்" என்று சொல்லும் சொல், தடையின்றிப் போய்ச் சேர வேண்டும். "வருகிறோம்!" என்ற பதிலும் திரும்பி வர வேண்டும்.

அந்தப் பச்சை விளக்குக்காகத்தான், தோழர்களே, மாடியேறச் சொல்கிறேன். நோட்டுப் புத்தகத்தை எடுங்கள்!